பால்கனியா, அகலக் கதவா? நடக்கச் சிரமப்படும் பெரியவருக்குக் கப்பலில் அறை பார்ப்பது

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கும் போர்ட் கிள்ளானும் பார்த்துவிட்டு மூன்று நான்கு நாளில் திரும்பும் சுற்றுலாவுக்கு இப்போது சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். டிராவல்ஸில் போய் உட்கார்ந்தால் கேட்கிற கேள்வி இரண்டுதான்: எத்தனை பேர், பால்கனி வேண்டுமா வேண்டாமா. கூட வரும் பெரியவர் எப்படி நடப்பார், படி ஏறுவாரா, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருப்பாரா என்று கேட்பவர்கள் அபூர்வம். நாங்கள் விசாரித்த ஒரு இடத்தில், "எல்லா ரூமும் ஒரே மாதிரிதாங்க" என்றே சொல்லிவிட்டார்கள். ஒரே மாதிரி இல்லை. பெரியவருடைய பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் அந்த அறையில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அத்தைக்காக இதை அலசினோம். எழுபதைத் தாண்டியவர். இடது பக்க இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. இரண்டு முட்டியும் தேய்மானம். வீட்டுக்குள் வாக்கர், வாசலைத் தாண்டினால் வீல்சேர். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து எட்டு தானாகவே வைப்பார். படி என்றால் ஒருவர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டும். நம் வீடுகளில் இப்படி நடுநிலையில் இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். முழுநேரமும் வீல்சேரிலேயே இருப்பவருக்கு, அதற்கென்று கட்டிய அறையைத் தவிர வேறு வழியில்லை; அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் நடப்பவர், கொஞ்சம் முடியாதவர் என்று இருப்பவருக்குத்தான் எந்த அறை என்ற குழப்பம் வரும்.

என் வீட்டுக்காரருக்குப் பால்கனி அறைமேல்தான் கண். "அம்மா கடலை நிம்மதியா உக்காந்து பாத்ததே இல்ல. படுக்கையில இருந்தே பாக்கட்டுமே" என்றார். ஆசை நியாயமானது. கடலே இல்லாத ஊர்க்காரர்கள் நாம். ஆனால் நான் முன்பு இப்படி ஒரு கப்பலில் போய் வந்தவள். அந்தச் சாதா அறையின் பாத்ரூம் வாசல் என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கைக்கு எட்டும் அறைகள் என்னென்ன என்று முதலில் பார்த்துவிடலாம். விலை குறைந்தது உள்ளறை, ஜன்னலே இருக்காது. அடுத்தது ஜன்னல் அறை. கடல் தெரியும், கண்ணாடி திறக்காது. அதற்கு மேல் பால்கனி அறை. அதற்கும் மேல் சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை. இந்த வகைகள் ஒவ்வொன்றிலும் வீல்சேர் வசதியோடு கட்டிய சில அறைகளைப் பெரிய கப்பல்களில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். கப்பலின் தள வரைபடத்தில் அந்த எண்களின் பக்கத்தில் வீல்சேர் படம் போட்டிருக்கும். வீல்சேர் கேபின் என்றால் கூடுதல் கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அதே வகைச் சாதா அறையின் விலைதான். அதே வகையில் பார்த்தால் இடமும் கூடுதல். இவை தவிர, கார்னிவல் போன்ற சில நிறுவனங்களில் இன்னொரு வகையும் உண்டு: வீல்சேர் இல்லாமல் நடப்பவருக்காகப் பாத்ரூமில் பிடிகம்பி வைத்த அறை.

ஆக, எங்கள் முன்னால் இருந்த உண்மையான போட்டி இரண்டுக்கும் நடுவில்தான்: சாதா பால்கனி அறை ஒரு பக்கம், வீல்சேர் வசதியுள்ள உள்ளறை அல்லது ஜன்னல் அறை இன்னொரு பக்கம். வீல்சேர் வசதியோடு பால்கனியும் உள்ள அறை கிடைத்தால் சண்டையே இல்லை. ஆனால் அவை மிகக் குறைவு, முதலில் போய்விடுபவையும் அவைதான்.

செங்கல்லும் சாக்பீஸும்

சாதா அறையின் வாசல் கதவு பெரும்பாலான கப்பல்களில் 22, 23 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். பாத்ரூம் கதவு அதற்கும் குறுகல். நம் கடைகளில் கிடைக்கும் 18 அங்குல சீட் வீல்சேரின் மொத்த அகலம், கையால் சுற்றும் வளையத்தையும் சேர்த்தால் 24 முதல் 26 அங்குலம். விரித்த வீல்சேர் அந்த வாசலில் நுழையாது. ஆளை இறக்கி, மடக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். வெளியே வராந்தாவில் விட்டுவைக்கலாமா என்றால் விடமாட்டார்கள். தீப்பிடித்தால் ஆட்கள் ஓடும் வழி அது. அறைக்குள் மடக்கி வைத்த வீல்சேர், கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அடைத்துக்கொள்ளும். வாக்கரின் அகலமே 22, 23 அங்குலம் வரும் என்பதால் அதையும் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைக்க முடியும்.

வீல்சேர் கேபின் கணக்கே வேறு. ராயல் கரீபியன் தன் கப்பல்களில் உள்ள இந்த அறைகளுக்குச் சொல்லும் அளவு: கதவு குறைந்தது 32 அங்குலம், உள்ளே வீல்சேரை முழுதாகத் திருப்ப 5 அடி வட்டம், படியே இல்லாமல் சக்கரத்தோடு போகும் ஷவர், அதில் மடக்கு இருக்கை, சுவரில் பிடிகம்பி, உயரம் கூட்டிய கம்மோடு, தாழ்வான வாஷ்பேசின்.

இந்த அளவுகளைப் பேப்பரில் பார்த்தால் யாருக்கும் உறைக்காது. அதனால் வீட்டிலேயே செய்து பார்த்தோம். ஹாலில் 22 அங்குல இடைவெளிக்குச் சாக்பீஸில் இரண்டு கோடு. வீல்சேரைத் தள்ளினால் இரண்டு பக்கச் சக்கரமும் கோட்டின் மேல். அடுத்தது செங்கல். கப்பலின் சாதா பாத்ரூம் வாசலில், தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு மேடு இருக்கும். நாலு முதல் ஆறு அங்குலம். நம் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தினால் ஏறக்குறைய நாலரை அங்குலம். மூன்று செங்கல்லை எங்கள் பாத்ரூம் வாசலில் வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் நின்றுகொண்டு, "தாண்டிப் பாருங்க அத்தை" என்றேன்.

வாக்கரின் முன்கால் இரண்டையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பின்கால் இரண்டும் இந்தப் பக்கமே நின்றன, நடுவில் செங்கல். வாக்கர் ஆடியது. வலது கால் தாண்டியது. இடது காலைத் தூக்கும்போது இடுப்பு ஒத்துழைக்கவில்லை. குதிகால் செங்கல்லில் இடித்தது. நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே போனது ஒரு பாடு என்றால் திரும்பி வருவது அதைவிடப் பெரிய பாடு. கம்மோடிலிருந்து எழுந்து, குறுகிய இடத்தில் திரும்பி, மறுபடி அதே மேட்டைத் தாண்ட வேண்டும். கப்பல் லேசாக அசையும்போது, பாதித் தூக்கத்தில், கண்ணாடி போடாமல் இதைச் செய்வார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் மறுபடியும் பால்கனியைப் பற்றிப் பேசியபோது அத்தையே குறுக்கிட்டார். "கடல மேல போயி பாத்துக்கலாம் சாமி. ராத்திரில எந்திரிச்சா யாரையும் எழுப்பாம போயிட்டு வந்து படுக்கோணும். எனக்கு அது போதும்." பிறகு என்னைப் பார்த்து, "உன்னையும் எத்தன தடவ கண்ணு எழுப்பறது?" என்றார்.

இதற்குமேல் எங்களுக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை. கடல் பார்க்க மேல்தளம் இருக்கிறது, சாப்பாட்டுக்கூடத்துக் கண்ணாடி ஓரம் இருக்கிறது. அவையெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். பாத்ரூம் மட்டும் அறைக்குள் ஒன்றே ஒன்று. பகலும் இரவுமாகப் பலமுறை போக வேண்டிய இடம் அது. தன் காலால் தானே போய் வர முடிந்தால் பெரியவர் தண்ணீரையாவது தாராளமாகக் குடிப்பார். முடியாவிட்டால் அடக்கிக்கொள்வார், தண்ணீரைக் குறைப்பார், சாப்பாட்டைக் குறைப்பார், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று அறையிலேயே படுத்துவிடுவார். பயணங்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் சுருண்டு போவதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். வெளியில் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள்.

பால்கனியிலும் ஒரு மேடு உண்டு என்பதைப் படம் பார்த்து முன்பதிவு செய்பவர்கள் கவனிப்பதில்லை. சாதா பால்கனி அறையில் கடல் பக்கக் கதவின் அடியிலும் உயரமான நிலை இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. கதவும் கனமானது, காற்றடித்தால் இழுக்கவே பலம் வேண்டும். வீல்சேர் வசதியுள்ள பால்கனி அறையில் மட்டும்தான் அங்கே சாய்தளம் இருக்கும். ஆகவே சாதா பால்கனி எடுத்தாலும் அத்தை கட்டிலில் இருந்து பார்க்கலாமே தவிர, வெளியே போய் உட்கார ஒவ்வொரு தடவையும் ஒருவர் துணை வேண்டும். அந்தக் காட்சியை ஜன்னல் அறையே கொடுத்துவிடும்.

உள்ளறையா, ஜன்னல் அறையா

வீல்சேர் கேபின்தான் என்று முடிவான பிறகு, விலை குறைந்த உள்ளறை போதுமா என்ற கேள்வி வந்தது. தூங்கவும் பாத்ரூம் போகவும் மட்டும் என்றால் போதும். ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் பகலும் இருட்டுதான். மணி என்ன, பொழுது விடிந்ததா என்பதே தெரியாது. ஞாபக மறதி தொடங்கியவர்களுக்கும் ராத்திரியில் கொஞ்சம் தடுமாறுபவர்களுக்கும் இது நல்லதல்ல. எங்கே இருக்கிறோம் என்றே குழம்பிப் போவார்கள். அப்படிப்பட்டவருக்கு ஜன்னலுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. அத்தைக்கு மறதி இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் படுப்பார். எல்லோரும் மேலே போய்விட்ட நேரத்தில் அவர் கண் விழித்தால் வெளிச்சமும் தண்ணீரும் தெரியட்டும் என்று ஜன்னலுக்குப் போனோம். வீட்டுக்காரரின் ஆசையிலும் பாதி நிறைவேறியது.

வீல்சேர் கேபினுக்குக் குறை இல்லாமல் இல்லை. ஷவருக்கும் கம்மோடுக்கும் நடுவில் தடுப்பே இருக்காது என்பதால் குளித்தால் தரை முழுக்க ஈரமாகும். சாதா பாத்ரூமில் மேட்டில் தடுக்கி விழும் பயம் என்றால் இங்கே வழுக்கும் பயம். ரப்பர் பாய் ஒன்று, பிடிமானமுள்ள செருப்பு ஒன்று கட்டாயம். பெரியவர் குளித்து முடித்ததும் தரையைத் துடைத்துவிட வேண்டும். முடிந்தால் அவர் கடைசியாகக் குளிக்காமல் முதலில் குளிக்கட்டும். இன்னொரு குறை, சில கப்பல்களில் இந்த அறைகளில் மூன்றாவது, நான்காவது ஆளுக்கான மேல் படுக்கை இருக்காது. குடும்பமே ஒரே அறையில் என்ற கணக்கு இங்கே ஒத்துவராது.

பிடிகம்பி எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். வீல்சேர் கேபின் என்று போட்டிருந்தாலும் கம்மோடின் ஒரு பக்கம்தான் சுவர், ஒரு பக்கம்தான் உறுதியான கம்பி இருக்கும். சிலவற்றில் மறுபக்கம் மடக்குக் கம்பி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அத்தைக்கு இடது பக்கம் பலவீனம். எழுந்திருக்க வலது கைக்குப் பிடி வேண்டும். பக்கவாதம் வந்த பெரியவர் என்றால் இந்த ஒரு விஷயமே அறையைத் தீர்மானித்துவிடும். ஒரே கப்பலில் இடம் வலம் மாறி அமைந்த அறைகள் இருக்கும். எண்ணைச் சொல்லிக் கேட்டால் சொல்வார்கள்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு சங்கதி, தண்ணீர். பெரும்பாலான கப்பல் பாத்ரூமில் வாளி, மக், கம்மோடு பக்கத்தில் பீய்ச்சும் குழாய் எதுவும் கிடையாது, பேப்பர்தான். ஒரு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துப் பிடிக்கும் ஷவர் அந்த அறையில் உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள். உட்கார்ந்து குளிப்பவருக்கு அது இல்லாமல் ஆகாது. கம்மோடில் தண்ணீர் விட்டால் காற்று உறிஞ்சும் பெரும் சத்தம் வரும். முதல் தடவை கேட்கும் பெரியவர் பதறி எழுந்துவிடுவார். எழுந்து நின்று, மூடியைப் போட்டபிறகு அமுக்கச் சொல்லி, முதல் நாளே ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

கப்பலில் எந்த இடத்தில்

நீளவாக்கில் நடுப்பகுதி, கீழ்த்தளம். அசைவு மிகக் குறைவாகத் தெரிவது அங்கேதான். மூக்குப் பகுதியிலும் வால் பகுதியிலும், மேலே போகப் போகவும் ஆட்டம் கூடும். நிதானம் குறைந்தவருக்கு இது வாந்தி மயக்கக் கணக்கு மட்டுமல்ல. விழுவதும் விழாமல் இருப்பதும் இதில்தான் இருக்கிறது. அடுத்தது லிஃப்ட். இப்போதைய பெரிய கப்பல்கள் 300 மீட்டர் நீளம் வரும். வராந்தா முழுக்கத் தடிமனான கம்பளம். அதில் ஆளை உட்கார வைத்து வீல்சேரைத் தள்ளினால் ஐந்து நிமிடத்தில் கை வலிக்கும், பெரியவர் தானாகச் சுற்றி ஓட்டவே முடியாது. லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி எடுப்பது நல்லது. லிஃப்டை ஒட்டியே எடுத்தால் நடுராத்திரி வரை பேச்சுச் சத்தம். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே, நாடக அரங்குக்கு நேர் மேலே உள்ள அறைகளையும் தள்ளிவிடுங்கள்.

எந்தக் கடல் என்பதும் சேர்ந்ததுதான். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது. சிங்கப்பூர், போர்ட் கிள்ளான், பினாங்கு எல்லாம் அந்த ஓரத்தில்தான். புக்கெட் வரை போனால் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் பக்கம் அலை அதிகம். நம் வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் புறப்பட்டது நினைவிருக்கலாம். விமானமே ஏறாமல், ரயிலில் போய்க் கப்பலைப் பிடிக்கலாம் என்பது பெரியவர்களுக்குப் பெரிய அனுகூலம். ஆனால் அந்தக் கப்பல் 1990-இல் கட்டியது. வீல்சேர் வசதி விஷயத்தில் நான் புதிய கப்பலைத்தான் நம்புவேன். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான அந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று 2005-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சந்தைக்காகக் கட்டிய பெரிய கப்பல்கள் ஆசியப் பக்கம் வரும்போது அந்த அகலக் கதவுகளும் சேர்ந்தே வருகின்றன.

கப்பல் எங்கே நிற்கும் என்பதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். சில ஊர்களில் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும். சாய்தளத்தில் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு இறங்கலாம். சில ஊர்களில் நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். படகும் கப்பலும் தனித்தனியாக ஏறி இறங்கும்போது நடுவில் எட்டு வைத்துத் தாண்ட வேண்டும். பெரியவருக்கு அது ஆகாது. பாதுகாப்பில்லை என்றால் ஊழியர்களே அனுமதிக்க மாட்டார்கள். லட்சத்தீவுப் பயணம் இந்த ரகம். தாய்லாந்தின் கோ சாமுய் தீவும் அப்படியே. பினாங்கு அப்படியில்லை, ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் மேடையிலேயே கப்பல் நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவும், குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் பக்கம்தான். அத்தைக்கு எங்கள் சேலத்துக் கோட்டை மாரியம்மன் என்றால் உயிர். கடல் கடந்து ஒரு மாரியம்மனைக் கும்பிடலாம் என்றதும் அவர் முகத்தில் வந்த களையைப் பார்த்துத்தான் இந்தப் பாதையையே முடிவு செய்தோம். தெரு சமதளம், கடைகளின் முன் இருக்கும் நடைபாதைகளில் மட்டும் படியும் சாக்கடையும் குறுக்கிடும் என்பதால் வீல்சேரைத் தெரு ஓரமாகவே தள்ள வேண்டும்.

போர்ட் கிள்ளானிலும் கப்பல் மேடையில்தான் நிற்கும். பத்துமலைக்கு அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குகைக்கு 272 படி. அத்தை கீழே நின்று முருகன் சிலையைத்தான் பார்க்க முடியும். அதைவிட உயரமான 146 அடி முத்துமலை முருகனை நம் ஏத்தாப்பூர் பக்கத்தில் 2022 முதலே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அவரே சொல்லிவிட்டார். அன்று அவர் கப்பலிலேயே இருப்பார். எல்லோரும் ஊர் பார்க்கப் போன கப்பலில் லிஃப்ட் காலியாக இருக்கும், மேல்தளத்தில் நல்ல இடம் கிடைக்கும். அவரோடு நான் இருக்கிறேன்.

சேலத்திலிருந்து கப்பல் வரை

சிங்கப்பூருக்கு விமானம் திருச்சி, கோவை, சென்னை, பெங்களூரு என எங்கிருந்தும் பிடிக்கலாம். நாமக்கல் வழியாகத் திருச்சிக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். எங்களுக்கு அதுவே சரிப்பட்டது. டிக்கெட் போடும்போது வெறுமனே "வீல்சேர்" என்று சொல்லாதீர்கள். மூன்று வகை உண்டு: படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது என்பவருக்கு ஒன்று, படி ஏற முடியாது, விமானத்துக்குள் சீட் வரை நடப்பார் என்பவருக்கு ஒன்று, சீட்டிலேயே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவருக்கு ஒன்று. அத்தை இரண்டாவது வகை. இதைச் சொல்லாவிட்டால் படிக்கட்டின் கீழே வீல்சேரோடு நிறுத்திவிடுவார்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். சொந்த வீல்சேருக்குக் கட்டணம் கிடையாது.

சொந்த வீல்சேரைக் கட்டாயம் கொண்டுபோங்கள். கப்பல் நிறுவனம் கொடுப்பது ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான், நடுவில் கிடைக்காது.

கிளம்புவதற்கு முன் ஒரு ஒத்திகைக்கு நமக்கு ஏற்காடு இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, தரைத்தளத்தில் அறை எடுத்து ஒரு ராத்திரி தங்கினோம். வளைவில் தலை சுற்றுவதும் கடலில் குமட்டுவதும் ஒன்றல்ல. நான் பார்க்க நினைத்தது புது அறையில் ராத்திரி அவர் எப்படி எழுகிறார் என்பதை. வீட்டில் கட்டிலிலிருந்து இறங்கினால் பாத்ரூம் வலது பக்கம். அங்கே இடது பக்கம். எழுந்தவர் தூக்கக் கலக்கத்தில் வலது பக்கமே கையை நீட்டிச் சுவரைத் தேடினார். அங்கே சுவர் இல்லை, அலமாரி. அப்போதே முடிவு செய்தேன்: கப்பலில் இரட்டைக் கட்டிலைத் தனித்தனியாகப் பிரித்துப் போடச் சொல்லி, பாத்ரூமுக்கு நேராக இறங்கும் கட்டிலை அவருக்குக் கொடுப்பது, ஆள் அசைந்தால் எரியும் பேட்டரி விளக்கு ஒன்றைக் கட்டில் காலடியில் ஒட்டிவைப்பது.

முன்பதிவு

ஆடி முடியட்டும் என்று நம் வீடுகளில் சொல்வோம். இந்த விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். ஆயிரக்கணக்கான பேர் போகும் கப்பலில் வீல்சேர் கேபின் சொற்பம்தான். மாதக்கணக்கில் முன்பே போய்விடும். அறை எண்ணைப் பிறகு நாங்களே ஒதுக்குவோம் என்று குறைந்த விலைக்குத் தரும் டிக்கெட்டைப் பெரியவருக்கு எடுக்கவே கூடாது. எண்ணோடு வேண்டும். டிராவல்ஸ்காரர் சொல்வதோடு நின்றுவிடாமல், உடல்நலத் தேவைகளுக்கான படிவத்தை நிரப்பிக் கப்பல் நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். அதில் வீல்சேரின் அகலம், மடங்குமா, படி ஏறுவாரா என எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். "கொஞ்சம் நடப்பாங்க" என்று கௌரவத்துக்காகக் குறைத்து எழுதினால் நஷ்டம் அவருக்குத்தான். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். படியில் அவரை இறக்கிக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்பது ஊழியர்களுக்கு இந்தப் படிவம் வழியாகத்தான் தெரியவரும்.

செங்கல்லை யார் துணையுமின்றித் தாண்டக்கூடிய பெரியவர் என்றால் வீல்சேர் கேபின் எடுக்க வேண்டாம். லிஃப்டுக்குப் பக்கமாக, நடுவில், பிடிகம்பி உள்ள சாதா அறை போதும். பால்கனியும் எடுங்கள், தாராளமாக. அந்த அகலக் கதவு அது இல்லாமல் கப்பலே ஏற முடியாத இன்னொருவருக்குப் போகட்டும். தாண்ட முடியாதவர், ஆனால் வீல்சேர் கேபின் தீர்ந்துவிட்டது என்றால் தேதியை மாற்றுங்கள், இல்லை கப்பலை மாற்றுங்கள். "மூணு நாள்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று சாதா பால்கனிக்குப் போகாதீர்கள்.

கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று சொன்னாலும், ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில்தான் வரும். பெரியவருக்குத் தனி அறை போட்டால் ஏறக்குறைய இருவர் பணம். அதனால் வீல்சேர் வசதியுள்ள ஜன்னல் அறையில் அத்தையும் நானும். எதிரே சாதா உள்ளறையில் வீட்டுக்காரரும் பையனும். இரண்டு பால்கனி அறைக்கு ஆகும் பணத்தைவிட இது குறைவாகவே வந்தது. மிச்சத்தில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் செல்லுபடியாகும் பயண இன்ஷூரன்ஸ் எடுத்தோம். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் அவரைப் பார்க்கத் தனிக் கட்டணம்.

பாக்கிப் பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் மூன்று விஷயம் எழுத்தில் கைக்கு வந்திருக்க வேண்டும்: அறை எண், அந்த எண் வீல்சேர் கேபின்தான் என்ற உறுதி, படிவம் கிடைத்தது என்ற பதில். வாய்வார்த்தையாக "போட்டாச்சுங்க" என்றால் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டால் ரத்து செய்தாலும் பிடித்தம் போகத்தான் திரும்பும்.